ஆர்கனுக்கும் பொற்றாசியத்துக்கும் நடுவில்

கல்முனைப் பக்கம் வயல் செய்கிற வீடுகளில் பின்விறாந்தையின் ஒரு மூலை பசளை மூட்டைக்கென்றே விடப்பட்டிருக்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். யூரியா வந்த அன்றைக்கே வட்டைக்கு, அதாவது வயலுக்கு, போய்விட்டது, எம்ஓபி என்கிற பொற்றாசியப் பசளை மூட்டை ஒன்று மட்டும் சுவரோடு சாய்ந்து கிடந்தது. அதில் முதுகைச் சாத்திக்கொண்டுதான் அக்காவின் மகள் தன் தரம் 10 விஞ்ஞானப் புத்தகத்தைத் திறந்தபடி கேட்டாள்:

"மாமா, மூன்றாம் சக்தி மட்டத்தில பதினெட்டு இலத்திரன் கொள்ளும் என்டு கிடக்கு. பொற்றாசியத்துக்கு மொத்தம் பத்தொன்பது. அப்ப 2, 8, 9 என்டுதானே வரணும்? ஏன் 2, 8, 8, 1 என்டு எழுதச் சொல்றாங்க?"

நான் படித்த காலத்தில் இதே கேள்வியைக் கேட்டு "அது அப்படித்தான், பாடமாக்கு" என்ற பதிலை வாங்கியவன். பாடமாக்கினேன், புள்ளியும் கிடைத்தது, ஏன் என்பது மட்டும் பல வருடம் தெரியாமலே இருந்தது. ஐதரசன், ஈலியம், இலிதியம், பெரிலியம் என்று இருபது மூலகங்களையும் ராகம் போட்டுச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு பதினெட்டாவதான ஆர்கனுக்கும் பத்தொன்பதாவதான பொற்றாசியத்துக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று தெரியாவிட்டால், ஆவர்த்தன அட்டவணை அதற்கு வெறும் பெயர்ப் பட்டியல்தான். மாறாக இந்த இரண்டு பெட்டிகளை, ஆர்கனையும் பொற்றாசியத்தையும், நன்றாக விளங்கிக்கொண்டால் மற்றப் பெட்டிகளில் பாதி தானாகவே வந்து சேரும் என்பது என் எண்ணம்.

இரண்டும் நமக்குத் தூரத்துச் சரக்கும் இல்லை. எம்ஓபி என்பது பொற்றாசியம் குளோரைட்டு. ஆர்கன் என்றால், துருப்பிடிக்காத உருக்கில் கேற்றும் கைபிடியும் செய்கிற கடைகளில் "ஆர்கன் வெல்டிங்" என்று பலகை போட்டிருப்பார்களே, அந்தச் சிலிண்டருக்குள் இருப்பது. நாம் இழுக்கும் மூச்சிலும் நூற்றுக்கு ஒரு பங்கு அளவு, சரியாகச் சொன்னால் 0.93 வீதம், ஆர்கன்தான். உள்ளே போகும், ஒன்றும் செய்யாமல் வெளியே வரும்.

அடிப்படையை வேகமாகக் கடந்துவிடுவோம். அணுவின் நடுவில் கரு, அதற்குள் புரோத்தனும் நியூத்திரனும், வெளியே சக்தி மட்டம் மட்டமாக இலத்திரன்கள். 2, 8, 8, 1 என்பது உள்ளேயிருந்து வெளியே ஒவ்வொரு மட்டத்திலும் எத்தனை இலத்திரன் என்ற கணக்கு. புரோத்தன்களின் எண்ணிக்கை அணுவெண், புரோத்தனையும் நியூத்திரனையும் கூட்டினால் திணிவெண். இதெல்லாம் புத்தகத்தின் முதல் இரண்டு பக்கத்தில் இருக்கிறது. புத்தகம் அழுத்திச் சொல்லாதது என்னவென்றால் இவை கண்டுபிடிக்கப்பட்ட வரிசை. இலத்திரனை ஜே. ஜே. தொம்சன் கண்டது 1897, கருவைப் பற்றி ரதர்போர்ட் சொன்னது 1911, நியூத்திரன் சட்விக்கிடம் அகப்பட்டது 1932. ரஷ்ய இரசாயனவியலாளர் மெண்டலீவ் தன் ஆவர்த்தன அட்டவணையை வெளியிட்டதோ 1869! இலத்திரன் தெரியாது, கரு தெரியாது, அணுவெண் என்ற சொல்லுக்கே அர்த்தம் இல்லாத காலம். அவர் கையில் இருந்தவை இரண்டுதான்: ஒவ்வொரு மூலகத்தின் சார் அணுத்திணிவு, அது எதனோடு எப்படிச் சேருகிறது என்ற குணம்.

அந்த இரண்டை வைத்துக்கொண்டு மனிதர் வெற்றிடம் விட்டு எழுதினார், அதுதான் துணிச்சல். அலுமினியத்துக்குக் கீழே ஒரு மூலகம் இருந்தாக வேண்டும், இன்னும் யாரும் காணவில்லை என்று சொல்லி அதற்கு ஏக அலுமினியம் என்று பெயரும் வைத்தார். ஏகாதசியில் வருகிற அதே ஏகதான், சமஸ்கிருதத்தில் ஒன்று, ஒரு படி கீழே என்ற பொருளில். 1875இல் பிரான்சில் கலியம் அகப்பட்டது. கண்டுபிடித்தவர் முதலில் அளந்த அடர்த்தி 4.7. மெண்டலீவ் அந்தப் பொருளைக் கண்ணாலும் காணாமல், அது 5.9க்குக் கிட்ட இருக்க வேண்டும், மாதிரியைத் தூய்மையாக்கி மறுபடி அளந்து பாருங்கள் என்று எழுதினார். அளந்தார்கள், 5.9 வந்தது.

இப்படிப்பட்ட அட்டவணையைத்தான் ஆர்கன் வந்து ஆட்டிவைத்தது. ராலே பிரபு காற்றிலிருந்து எடுத்த நைதரசனை நிறுத்தார், லீற்றருக்கு ஏறத்தாழ 1.257 கிராம். அமோனியா போன்ற சேர்வைகளிலிருந்து பெற்ற நைதரசனை நிறுத்தார், 1.2505. ஆயிரத்தில் ஐந்து பங்கு வித்தியாசம், நம்மில் பலர் தராசைக் குறை சொல்லிவிட்டுப் போயிருப்போம். அவர் விடவில்லை, வில்லியம் ராம்சேயோடு சேர்ந்து 1894இல் காற்றுக்குள் ஒளிந்திருந்த அந்தப் புது வாயுவை அறிவித்தார். அது எதனோடும் சேரவில்லை, ஆகவே மெண்டலீவின் எந்தக் கூட்டத்திலும், அதாவது ஒரே குணமுள்ளவை ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும் எந்த நிரலிலும், அதற்கு இடமில்லை. அதைவிடப் பெரிய தலையிடி, அதன் சார் அணுத்திணிவு 39.9. பொற்றாசியத்தினுடையது 39.1. திணிவு வரிசைப்படி வைத்தால் பொற்றாசியம் முன்னுக்கு, ஆர்கன் பின்னுக்கு வரும். தண்ணீரில் போட்டால் ஊதா நிறச் சுவாலையோடு எரிகிற ஒரு உலோகத்தை ஒன்றோடும் சேராத வாயுக்களின் நிரலிலும், அந்தச் சோம்பேறி வாயுவை சோடியத்துக்குக் கீழேயும் வைக்க எந்த இரசாயனவியலாளருக்கு மனம் வரும்? மெண்டலீவ் ஆரம்பத்தில் ஆர்கன் ஒரு மூலகமே இல்லை, மூன்று நைதரசன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறாக இருக்கலாம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். பிறகு நேயன், கிரிப்தன், செனன் என்று வரிசையாக வந்து நின்றபோது புதிய நிரல் ஒன்றை ஏற்க வேண்டியதாயிற்று. சரி, நிரல் கிடைத்தது. ஆனால் கனமானது முன்னுக்கும் இலேசானது பின்னுக்கும் வருவதற்கு யாரிடமும் காரணம் இல்லை. தெலூரியம், அயடீன் சோடியிலும் இதே சிக்கல். கோபாற்று, நிக்கல் சோடியிலும் அதுவே.

காரணத்தைக் கொடுத்தவர் ஹென்றி மோஸ்லி என்ற இளைஞர். 1913, 1914 இரண்டு வருடங்களில் மூலகங்களை ஒவ்வொன்றாக இலத்திரன் கற்றையால் அடித்து, அவற்றிலிருந்து புறப்படும் எக்ஸ் கதிரின் மீடிறனை, அதாவது செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்பதை, அளந்தார். மீடிறனின் வர்க்கமூலத்தை எடுத்தால் அது மூலகத்துக்கு மூலகம் படிக்கட்டுப் போல ஒரே அளவாக ஏறியது. திணிவு தாறுமாறாக ஏறும், இந்தப் படிக்கட்டு அப்படித் தாறுமாறாக ஏறாது. குளோரினுக்கு 17ஆம் படி, பொற்றாசியத்துக்கு 19ஆம் படி, நடுவில் ஒரு படி காலி. அந்த 18 ஆர்கனின் இடம். வரிசையைத் தீர்மானிப்பது திணிவு இல்லை, கருவில் உள்ள நேரேற்றம், அதாவது புரோத்தன்களின் எண்ணிக்கை, என்பது அதோடு முடிந்த காரியம். மோஸ்லி முதலாம் உலகப் போருக்குப் போய் 1915 ஓகஸ்டில் கலிப்பொலியில் சுடுபட்டு இறந்தார், வயது 27.

ஆனால் மோஸ்லி தீர்த்தது பாதிதான். 18 புரோத்தன் உள்ள அணு ஏன் 19 புரோத்தன் உள்ள அணுவைவிடக் கனமாக இருக்கிறது? அதற்குச் சமதானி என்ற விசயம் தெரிய வேண்டும், அங்கே இலங்கைக் கல் ஒன்றுக்கும் பங்கு உண்டு. ஆனந்த குமாரசுவாமியைக் கலை விமர்சகராகத்தான் நமக்குத் தெரியும், ஆனால் அவர் ஆரம்பத்தில் மண்ணியலாளர், இலங்கையின் கனிய அளவைப் பகுதிக்கு முதல் பணிப்பாளர். 1904இல் சப்பிரகமுவவில் கிடைத்த பாரமான கறுப்புக் கல்லொன்று அவர் மூலமாக வெளியே தெரிந்தது, தோரியம் நிறைந்த அதற்குத் தோரியனைற்று என்று பெயர் வந்தது. அந்தக் கல்லிலிருந்து பெற்ற உப்பை லண்டனில் ராம்சேயின் ஆய்வுகூடத்தில் வைத்துப் பிரித்துக்கொண்டிருந்த ஒட்டோ ஹான் என்ற இளம் ஜேர்மானியர் 1905இல் ரேடியோதோரியம் என்ற ஒன்றைக் கண்டார். பின்னாளில் அணுக்கருப் பிளவைக் கண்டவர்களில் ஒருவரான அதே ஹான். விசித்திரம் என்னவென்றால் ரேடியோதோரியத்தைச் சாதாரணத் தோரியத்தோடு கலந்துவிட்டால் பிறகு எந்த இரசாயன முறையாலும் பிரிக்க முடியவில்லை. குணம் அச்சொட்டாக ஒன்று, கதிர்த்தொழிற்பாடு மட்டும் வேறு. இப்படியான சோடிகள் பல சேர்ந்த பிறகுதான் பிரெடெரிக் சொடி 1913இல், இவை அட்டவணையில் ஒரே பெட்டிக்குள் இருக்க வேண்டியவை, திணிவு மட்டும் வேறு என்றார். சமதானி என்ற சொல்லே அதுதான், சம தானம், ஒரே இடம். பாடப்புத்தகத் தமிழ் கரடுமுரடு என்று திட்டுகிறவர்கள் இந்த ஒரு சொல்லுக்காகவாவது அதை மன்னிக்கலாம்.

இப்போது எம்ஓபி மூட்டைக்கு வருவோம். இயற்கையில் உள்ள பொற்றாசியத்தில் 93 வீதத்துக்குச் சற்று மேல் திணிவெண் 39 உள்ளது, அதாவது 19 புரோத்தனும் 20 நியூத்திரனும். மிகச் சிறிய பங்கு, 0.0117 வீதம், திணிவெண் 40. அந்த பொற்றாசியம் 40 நிலையில்லாதது, பாதியாகக் குறைய 125 கோடி வருடம் எடுக்கும். அது அழியும்போது பத்தில் ஒன்பது பங்கு அளவு கல்சியம் 40 ஆகிறது. மீதி, நூற்றுக்குப் பதினொன்று அளவு, தன்னுடைய இலத்திரன் ஒன்றையே கருவுக்குள் இழுத்து ஒரு புரோத்தனை நியூத்திரனாக்கிக்கொண்டு ஆர்கன் 40 ஆகிறது. பூமி பிறந்த நாளிலிருந்து பாறைகளுக்குள் இதுதான் நடக்கிறது. காற்றில் உள்ள ஆர்கனில் நூற்றுக்கு 99க்கு மேல் இப்படிப் பொற்றாசியத்திலிருந்து வந்த ஆர்கன் 40தான், அதனால்தான் அதன் சராசரித் திணிவு 39.95 என்று நிற்கிறது. சூரியனில் உள்ள ஆர்கன் பெரும்பாலும் திணிவெண் 36. பூமியிலும் அப்படியே இருந்திருந்தால் ஆர்கன் பொற்றாசியத்தைவிட இலேசாக இருந்திருக்கும், மெண்டலீவுக்கு இந்தத் தலையிடி வந்தே இராது. பொற்றாசியத்தை ஆர்கன் கனத்தில் முந்தியது பொற்றாசியமே கொடுத்த கனத்தால்!

மருமகளின் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது, 2, 8, 9 ஏன் இல்லை?

முதலில் அளந்து பார்த்தவற்றைப் பார்க்க வேண்டும், கதையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். வாயு நிலையில் உள்ள ஒரு மூல் அணுக்களிலிருந்து (மூல் என்பது குறித்த ஒரு பெரிய எண்ணிக்கை) ஆளுக்கொரு இலத்திரனைப் பிடுங்கத் தேவையான சக்தியே முதலாம் அயனாக்கற் சக்தி. சோடியத்துக்கு 496 கிலோயூல். அங்கிருந்து மூன்றாம் ஆவர்த்தனம், அதாவது அட்டவணையின் மூன்றாம் கிடை வரிசை, நெடுக, இடையில் ஓரிரு சறுக்கலோடு, ஏறி ஏறி ஆர்கனில் 1521க்கு வருகிறது. அடுத்த பெட்டி பொற்றாசியம், 419. ஒரே படியில் கால்வாசிக்கும் சற்றுத்தான் மேல். புரோத்தன் ஒன்று கூடியிருக்கிறது, இழுவை கூடியிருக்க வேண்டும், ஆனால் கடைசி இலத்திரன் கழன்று விழத் தயாராக நிற்கிறது. இதே விழுகை நேயனுக்கும் சோடியத்துக்கும் நடுவிலும் இருக்கிறது, 2081இலிருந்து 496. சோடியத்தின் இரண்டாவது இலத்திரனைப் பிடுங்க முனைந்தால் 4562 கேட்கும். அதாவது ஒன்று இலகு, அடுத்தது இரும்புப் பிடி. சோடியம் 2, 8, 1 என்று எழுதுவதற்கு ஆதாரம் இந்த இலக்கங்கள். யாரோ வட்டம் கீறிப் புள்ளி வைத்ததனால் வந்த முடிவு இல்லை அது.

ஏன் கழன்று விழத் தயாராக நிற்கிறது? ஆடி அமாவாசைக்கு மட்டக்களப்பு மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போனவர்களுக்கு இது இலகுவாக விளங்கும். சுவாமி குளத்தடிக்கு வருகிறார், முன்னுக்கு நிற்பவர் முழுதாகக் காண்கிறார், பின்வரிசையில் நிற்பவருக்கு முன்னால் நிற்கும் தலைகள்தான். கருவின் 19 நேரேற்றத்தையும் வெளியே நிற்கும் இலத்திரன் முழுதாக உணர்வதில்லை, உள்ளே உள்ள 18 இலத்திரன்கள் அதை மறைக்கின்றன. முழுதாக மறைத்தால் மிஞ்சுவது ஒரே ஒரு ஏற்றம். ஆர்கனில் கடைசி எட்டுப் பேரும் ஒரே வரிசையில் தோளோடு தோள் நிற்பதால் ஒருவரை ஒருவர் அவ்வளவாக மறைப்பதில்லை, உள்ளே மறைப்பவை பத்துத்தான். இந்த மறைப்பைக் கணக்கிடும் சிலேற்றரின் விதிப்படி பார்த்தால் ஆர்கனின் வெளி இலத்திரன் உணரும் ஏற்றம் 6.75, பொற்றாசியத்தின் கடைசி இலத்திரன் உணர்வது 2.2.

ஏன் 1 இல்லாமல் 2.2? இங்கேதான் மருமகளுக்கான பதில் இருக்கிறது. மூன்றாம் மட்டம் ஒரே அறை இல்லை. அதற்குள் 3எஸ், 3பி, 3டி என்று மூன்று உபசக்தி மட்டங்கள், முறையே 2, 6, 10 கொள்ளும், மொத்தம் 18. ஆர்கனில் முதல் இரண்டும் நிறைந்து எட்டு ஆகிவிட்டது. பத்தொன்பதாவது இலத்திரனுக்கு இரண்டு வழி: 3டிக்குப் போகலாம், இல்லாவிட்டால் நான்காம் மட்டத்தின் 4எஸ்ஸுக்கு. எஸ் வகை இலத்திரன் தூரத்தில் திரிந்தாலும் இடைக்கிடை கருவுக்குக் கிட்டவரை உள்ளே போய்வருகிறது, பின்வரிசையில் நின்றாலும் நெரிசலுக்குள் நுழைந்து சுவாமியை ஒரு கணம் கண்டுவிட்டு வரும் சின்னப் பொடியன் மாதிரி. டி வகை அப்படி உள்ளே போகாது, கருவிலிருந்து விலகியே திரியும். உவமையை இதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும், இலத்திரன் ஓரிடத்தில் நிற்கும் ஆளும் இல்லை.

இலக்கத்தில் பார்த்தால் சந்தேகமே வராது. ஐதரசனில் மூன்றாம் மட்டத்தில் உள்ள இலத்திரனைப் பிடுங்க மூலுக்கு 146 கிலோயூல் போதும், நான்காம் மட்டம் என்றால் 82. பொற்றாசியத்தில் அந்தக் கடைசி இலத்திரனை 3டியில் ஏற்றி வைத்தால் பிடுங்க வேண்டியது 161, ஐதரசனின் 146க்குப் பக்கத்தில், அதாவது மறைப்பு கிட்டத்தட்ட முழுமை. 4எஸ்ஸிலோ 419, ஐதரசனின் 82ஐப் போல் ஐந்து மடங்கு. எங்கே பிடி கூடவோ அங்கேதான் இலத்திரன் தங்கும்.

"ஏற்றி வைத்தால்" என்று சும்மா சொல்லவில்லை. பொற்றாசிய ஆவிக்குச் சரியான அளவு சக்தி கொடுத்தால் கடைசி இலத்திரன் 3டிக்கு ஏறும், அப்போது அந்த அணு மருமகள் எழுதிய அதே 2, 8, 9தான்! அவள் எழுதியது பிழை என்று முழுதாகச் சொல்ல முடியாது, அருட்டப்பட்ட நிலை அது, கண் இமைக்கும் நேரம்கூட நிற்காமல் ஒளியை விட்டுவிட்டுக் கீழே இறங்கிவிடும். இந்த ஏறி இறங்கும் விளையாட்டை அடுப்படியில் பார்க்கலாம், உப்புப் போட்ட தண்ணீர் பொங்கி காஸ் அடுப்பில் வழிந்தால் நீலச் சுவாலை மஞ்சளாகிறதே, அது சோடியத்தின் வெளி இலத்திரன் 3எஸ்ஸிலிருந்து 3பிக்கு ஏறி இறங்கும்போது விடும் ஒளி.

இருபதாவது கல்சியமும் 4எஸ்ஸையே நிரப்புகிறது, 2, 8, 8, 2. அதன்பிறகு ஸ்கண்டியத்திலிருந்து 3டி நிரம்பத் தொடங்குகிறது, ஏனென்றால் கருவின் ஏற்றம் கூடக் கூட 3டி வேகமாகக் கீழே இறங்கிவிடுகிறது. உயர்தரப் பிள்ளைகள் புள்ளியைக் கோட்டைவிடுகிற இடம் இது. இரும்பு 2, 8, 14, 2. இரண்டு இலத்திரன் இழந்து இரும்பு அயனாகும்போது கடைசியாக நிரப்பியது 3டியைத்தானே என்று அங்கிருந்து எடுத்து 2, 8, 12, 2 என்று எழுதுகிறார்கள். பிழை. வெளியே நிற்கும் 4எஸ்தான் முதலில் போகும், 2, 8, 14.

கூட்டம் என்பதும் இதிலிருந்தே வருகிறது. வெளியே நிற்கும் இலத்திரன் எத்தனை, அதுவே குணம். பாசிக்குடாப் பக்கத்து முருகைக்கல்லை எடுத்தால் அது கல்சியம் காபனேற்று, சுட்டால் வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு. அந்த முருகை உயிரி கடல்நீரிலிருந்து கல்சியத்தை எடுத்துக் கல் கட்டும்போது கல்சியத்துக்குக் கீழே அதே இரண்டாம் கூட்டத்தில் இருக்கும் திரொந்தியம் கொஞ்சம் சேர்ந்து உள்ளே போய்விடுகிறது, வெளியே இரண்டு இலத்திரன் இரண்டுக்கும் ஒன்றுதானே, ஆள் மாறாட்டம் பிடிபடுவதில்லை. எவ்வளவு போகிறது என்பது கடல்நீரின் வெப்பநிலையோடு மாறுவதால், முருகைக்கல்லில் திரொந்தியத்தையும் கல்சியத்தையும் அளந்து பழைய காலக் கடலின் சூட்டைக் கணிக்கிறார்கள்.

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தபோது இருட்டிவிட்டது. மருமகள் மூட்டையிலிருந்து முதுகை எடுத்துத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப இந்த மூட்டைக்குள்ளயும் ஆர்கன் வருதா மாமா?"

"ஓம், இப்பவும் வருது."

"எவ்வளவு?"

கணக்குப் போட்டோம். 50 கிலோ எம்ஓபியில் பொற்றாசியம் 26 கிலோ. ஒரு கிராம் இயற்கைப் பொற்றாசியத்தில் செக்கனுக்கு 31 அணு அழிகிறது, மூட்டைக்கு எட்டு இலட்சம். பயப்படத் தேவையில்லை, நம் உடம்பில் உள்ள பொற்றாசியத்திலேயே செக்கனுக்கு நாலாயிரத்துக்கு மேல் இப்படி அழிந்துகொண்டிருக்கிறது. எட்டு இலட்சத்தில் பதினொரு வீதம் என்றால் செக்கனுக்கு எண்பத்தெட்டாயிரம் ஆர்கன் அணு. அவளுக்கு வாய் திறந்துவிட்டது. பிறகு ஒரு மில்லிலீற்றர் ஆர்கன் சேர எவ்வளவு காலம் எடுக்கும் என்று பார்த்தோம், ஏறத்தாழ 90 இலட்சம் வருடம்.

அடுத்த கிழமை அத்தான் மூட்டையை மோட்டார் சைக்கிளில் கட்டி வட்டைக்குக் கொண்டுபோய்ப் பயிருக்கு எறிந்துவிட்டு வந்தார்.